பாதி வட்டம் கடலுக்கு

வெள்ளி இரவு
சாப்பிட்ட தட்டுகளை ஓரம் தள்ளிவிட்டு
வரைபடத்தை விரிக்கிறாள் சொராய்தா.
மகளின் கவராயத்தை வாங்கி
முள்ளை எங்கள் தெருவில் ஊன்றி
நூற்றைம்பது கிலோமீட்டருக்கு ஒரு சுற்று.
பாதி வட்டம் கடலில் விழுகிறது.

கடலோரம் குடியிருப்பவனின் வார இறுதியில்
பாதி மீன்களுக்கு, என்றேன்.
மீதி லாரிகளுக்கு, என்றாள்.
சிரிக்கவில்லை.

வடக்கே மணல்.
தெற்கே மணலும்
அதன்மேல் வீடு வைத்திருப்பவர்களின் கார்களும்.
கிழக்கே சாலை போவதில்லை, ஏறுகிறது.
லீமாவிலிருந்து தூரத்தைக்
கிடைமட்டமாய் அளந்தவன் ஏமாந்தான்:
தாளில் ஒரு சாண் தள்ளி விரல் வைத்தால்
அங்கே மூச்சு வாங்கும்,
தலை கிறுகிறுக்கும்,
கோகா இலைத் தேநீர் விற்பார்கள்.

அரை டேங்குக்கு மேல் பெட்ரோல் கிடையாது.
ஞாயிறு இரவு ஏழுக்குள் கார்
ஃபெர்மினிடம் போய்விட வேண்டும்
(அவள் தம்பி; கார் அவனுடையது;
பின்பக்க இடது கண்ணாடி
இறங்கினால் ஏறாது).
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு
ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை வேலை.
ஜனவரி, பிப்ரவரியில் மலைப்பக்கம் வேண்டாம்,
சேறு இறங்கி வரும்.
போன வருடம் போட்ட திட்டம் பதினொன்று.
போனது மூன்று,
பாதி வழியில் கிளட்ச் போனதையும் சேர்த்து.

இப்போது ஜூலை.
மே மாதம் மூடிய வானம்
இன்னும் திறந்தபாடில்லை.
மழை என்று சொல்லக் கூசும் ஓர் ஈரம்
மூன்று நாளாய்க் கொடியில் கிடக்கும்
பள்ளிச் சீருடையை விடுவதாயில்லை.
மைத்தேக்கு ஒன்பது வயது.
காலை பத்துக்கும் நண்பகலுக்கும்
தன் நிழலை அளந்து வரச் சொன்னார்களாம்.
நோட்டில் எழுதியிருந்தாள்:
பத்து மணி, இல்லை.
பன்னிரண்டு மணி, இல்லை.

ஆகவே மத்துகானா.
எழுபத்தைந்து கிலோமீட்டர், ஓர் அருவி,
சனி காலை ஐந்துக்குக் கிளம்பினால்
கூட்டத்துக்கு முன் போய்விடலாம்.

ஐந்துக்கு யார் கிளம்பியிருக்கிறார்கள்?
ஆறே முக்கால்.
முன்னால் நின்ற சிமெண்ட் லாரியின் முதுகில்
'அவசரப்பட்டவர்களும் இங்கேதான் நிற்கிறார்கள்'
என்று எழுதியிருந்ததை
மைத்தே பதினாறு முறை படித்தாள்.
மூடாத கண்ணாடி வழியே டீசல் புகை,
பொரித்த பன்றி வாசனை,
யார் வீட்டுச் சேவலோ.

சக்லகாயோ தாண்டியதும்
யாரும் எதுவும் சொல்லாமல்
காருக்குள் மஞ்சளாகியது.
முதலில் சொராய்தாவின் முழங்கை,
பிறகு தூசு படிந்த முன்பலகை,
பிறகு எல்லாம்.

நிறுத்துங்கள், என்று கத்தினாள் மைத்தே.
இன்னும் பாதி வழிகூட வரவில்லை.
சோசிக்காவில் ஒரு பெட்ரோல் பங்க்,
வெள்ளைச் சுவர், சிமெண்ட் தரை,
பின்னால் ரீமாக் ஆற்றின் இரைச்சல்.
மணி ஒன்பது.
பத்துவரை நின்றோம்.
ஸ்கேல் கொண்டுவரவில்லை.
வரைபடத்தையே தரையில் விரித்தாள் அம்மா.
பத்து மணி: ஒரு வரைபடமும் மூன்று மடிப்பும்.

இனி நண்பகல் வேண்டுமே.
அருவி பற்றி யாரும் பேசவில்லை.
காரின் மூக்கில் சாய்ந்து
ரொட்டியும் பன்றி வறுவலும் தின்றோம்.
காற்று ஊதும் பையன் இரண்டு முறை வந்து
வண்டிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டான்.
ஒன்றுமில்லை, வெயில், என்றேன்.
தலையாட்டிப் போனான்,
இந்த நோயாளிகளைத் தினமும் பார்ப்பவன்போல.

நண்பகல்: ஒரு வரைபடத்துக்கு ஒரு மடிப்பு குறைவு.

இறங்கும்போது பின்சீட்டில் மண்டியிட்டு
சீட்டில் விழுந்த தன் கை நிழலையே
பார்த்துக்கொண்டு வந்தாள்.
விரல்கள் மங்கின, பிறகு உள்ளங்கை.
இங்கே, என்றாள்.
சாலையோரக் கல்லில் இருபத்தொன்று.
சொராய்தா பென்சிலால்
அந்த இடத்தில் ஒரு சிறு கோடு இழுத்தாள்,
நாட்டு எல்லை போடுகிறவள் மாதிரி.

சனி மாலையே சாவியைக் கொடுக்கப் போனேன்.
அருவி எப்படி, என்றான் ஃபெர்மின்.
பெட்ரோல் முள்ளைப் பார்த்துவிட்டு
அவனே கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.